பொம்மையாகிப்போன ரோம்

ஒலிவோ பார்பியேரி ஹெலிகாப்டரிலிருந்து எடுத்த ரோம் நகரப் படங்களை முதன்முதலில் பார்த்தபோது, யாரோ மேஜைமேல் செய்துவைத்த மாடல் என்றே நினைத்தேன். கொலோசியம் உள்ளங்கையில் அடங்கிவிடும்போல இருந்தது. கார்களை விரலால் தள்ளிவிடலாம். "அட, நிஜ ஊருப்பா இது" என்று உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

காரணம் டில்ட்-ஷிஃப்ட் லென்ஸ். அதற்கு இரண்டு அசைவுகள். உயரமான கட்டடத்தை எடுக்கக் கேமராவை அண்ணாந்து பிடித்தால் சுவர்கள் மேலே போகப்போகக் குறுகும். கேமராவை நேராக வைத்து லென்ஸை மட்டும் மேலே நகர்த்தினால் சுவர்கள் செங்குத்தாக நிற்கும், இது ஷிஃப்ட். டில்ட் என்றால் லென்ஸைச் சாய்ப்பது. சாதாரண லென்ஸில் ஃபோகஸ் ஆகும் தளம் சென்சாருக்கு இணையாக இருக்கும். லென்ஸைச் சாய்த்தால் அந்தத் தளமும் சாயும். தரையோடு பொருந்தும்படி சாய்த்தால் காலடிப் புல்லிலிருந்து தொலைதூர மலைவரை தெளிவாக விழும். எதிர்ப்பக்கம் சாய்த்தால் ஒரு பட்டை மட்டும் தெளிந்து மற்றதெல்லாம் கலங்கிவிடும். சின்னப் பொருள்களை மிக அருகிலிருந்து எடுத்த படங்களில்தான் இப்படிப்பட்ட கலங்கலை நாம் பார்த்துப் பழகியிருக்கிறோம். அதனால்தான் ஊர் பொம்மையாகத் தெரிகிறது.

இந்தச் சாய்வின் விதிக்குப் பெயர் தந்த தியோடர் ஷைம்ப்ஃப்ளூக் ஆஸ்திரிய ராணுவ அதிகாரி. வானிலிருந்து எடுத்த படங்களின் கோணலைத் திருத்த 1904இல் காப்புரிமை வாங்கியவர். வரைபடம் பிசகக்கூடாது என்பது அவர் கவலை. சரியாக நூறு வருடம் கழித்து, 2004இன் ரோம் படங்களில், பார்பியேரி அதே சாய்வைக் கொண்டு வானிலிருந்து எடுத்த படத்தையே நம்பமுடியாததாக ஆக்குகிறார். இந்தத் திருப்பம்தான் எனக்கு அவரிடம் பிடித்தது.

ஆனால் ஒரு உறுத்தலும் உண்டு. மொட்டைமாடியிலிருந்து நான் எடுத்த தெருப்படத்துக்கு ஃபோனில் இதே எஃபெக்ட் போட்டுப் பார்த்தேன். தள்ளுவண்டிக்காரர் அழகான பொம்மையானார். அவர் மூச்சுவாங்கத் தள்ளிக்கொண்டிருந்தது மட்டும் காணாமல்போனது. லைக் நிறைய வந்தது. கொஞ்ச நாளில் அழித்துவிட்டேன்.

கொலோசியம் தாங்கும். ஏற்கெனவே அது போஸ்ட்கார்டாக ஆகிவிட்ட இடம். பொம்மையாக்கியதும் அந்தப் போஸ்ட்கார்டையே சந்தேகிக்கிறோம். தள்ளுவண்டிக்காரரை யாரும் அப்படிப் பார்த்துத் தீர்த்துவிடவில்லை. முதலில் அவர் முழு எடையோடு தெரியட்டும். மேலிருந்து எடுத்த ஒரு ஊர் 'க்யூட்டாக' இருக்கிறது என்று தோன்றும்போதெல்லாம், அதில் மனிதர்கள் எந்த அளவில் இருக்கிறார்கள் என்று இப்போது முதலில் தேடிப்பார்க்கிறேன்.