பந்தில் வளரும் பிறை

ஜன்னல்களைச் சாத்திய நான்காம் வகுப்பு அறை. நடுவில் எரிவது ஒரே ஒரு குண்டு பல்பு. தெர்மக்கோல் பந்தில் பென்சிலைச் செருகும்போது எழும் 'கிரீச்' சத்தம் பல்லைக் கூசவைக்கும்; பிள்ளைகளுக்கோ அதுதான் பிடிக்கும். பல்பு சூரியன், பந்து நிலா, பந்தைப் பிடித்திருக்கும் பிள்ளையின் தலை பூமி. விளக்கைப் பார்த்து நின்றால் பந்தின் இந்தப் பக்கம் இருட்டு, அமாவாசை. நீட்டிய கையோடு இடப்பக்கம் மெல்லத் திரும்பினால் வலது ஓரத்தில் நகத்துண்டு போல ஒரு கீற்று. கால்வட்டம் திரும்பினால் அரை நிலா. வானத்தில் 29½ நாள் எடுக்கும் சுற்று, இங்கே ஒரு பிள்ளையின் நிதானத்துக்கு ஏற்ப நடக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது வெளிச்சமும் இருளும் சந்திக்கும் கோடு. தெர்மக்கோலின் சிறு பொருக்குகள் அங்கேதான் நிழல் நீட்டித் துலக்கமாகத் தெரியும். நிலாவின் பள்ளங்களும் அப்படியே. விளக்குக்கு முதுகு காட்டியதும் தலையின் நிழல் விழுந்து பந்து இருண்டுபோகும். நல்ல டீச்சர் அவசரப்படுவதில்லை. "கிரகணம்!" என்று ஒரு குரல் எழும்வரை காத்திருப்பார். பிறகுதான் கையைச் சற்று உயர்த்தச் சொல்வார். நிலாவின் பாதை சுமார் 5 பாகை சாய்ந்திருப்பதால்தான் பௌர்ணமிதோறும் கிரகணம் வருவதில்லை என்பதை அந்த உயர்த்திய கையே சொல்லிவிடுகிறது.