மலைமேல் குவியும் கைகள்

திருமலையில் மாத்ருஸ்ரீ தரிகொண்ட வெங்கமாம்பா அன்னபிரசாத வளாகத்தில் ஒரு கூடத்துக்கு ஆயிரம் பேர் உட்காரலாம். அப்படி நான்கு கூடங்கள். கதவு திறந்ததும் கூட்டம் ஓட்டமும் நடையுமாக உள்ளே புகும். இலை விழும். சர்க்கரைப் பொங்கல், சட்னி, சோறு, சாம்பார், ரசம், மோர் என்று வாளிகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். 2025 மார்ச்சிலிருந்து மசால் வடையும் உண்டு. பந்தி எழுந்ததும் துடைத்துப் பெருக்கி அடுத்த ஆயிரம் பேருக்குக் கதவைத் திறந்துவிடுகிறார்கள். வாளி தூக்கி வருபவர்களில் பலர் சம்பளத்துக்கு வேலை செய்பவர்கள் அல்லர். ஊரில் வங்கி வேலையோ, பள்ளிக்கூட வேலையோ, மளிகைக் கடையோ, வீட்டு வேலையோ பார்த்துவிட்டு, ஒரு வாரம் இங்கே சோறு பரிமாற வந்தவர்கள். ஸ்ரீவாரி சேவகர்கள் என்று பெயர்.

தன்னார்வலர்களைக் கொண்டு சோறு போடும் அமைப்புகளில் இந்த வட்டாரத்தில் இதற்கு இணை கிடையாது. ஊரே மெச்சுகிற ஏற்பாடு என்பதாலேயே இதன் நிறைகுறைகளை யாரும் நிறுத்துப் பார்ப்பதில்லை. சாமி காரியத்தில் குற்றம் பார்க்கலாமா என்ற தயக்கம் இருக்கத்தான் செய்யும். ஆனால் இது சாமி காரியம் மட்டுமில்லை. பசி, உழைப்பு, பணம் மூன்றும் இதில் கலந்திருக்கின்றன.

1985 ஏப்ரல் 6 அன்று, என்.டி. ராமராவ் ஆந்திர முதலமைச்சராக இருந்தபோது, நித்திய அன்னதானம் தொடங்கியது. அப்போது நாளொன்றுக்கு இரண்டாயிரம் பேருக்குத்தான் சாப்பாடு. 1994இல் அதற்கென ஓர் அறக்கட்டளை அமைந்தது. 2011 ஜூலையில் குடியரசுத் தலைவர் பிரதிபா பாட்டீல் புதிய வளாகத்தைத் திறந்து வைத்தார். இன்று வளாகத்தில் உண்பவர்களோடு வைகுண்டம் கியூ காம்ப்ளக்ஸில் தரிசனத்துக்குக் காத்திருப்பவர்களையும் சேர்த்தால் நாளுக்கு ஒரு லட்சத்தைத் தாண்டுகிறது. பரிமாறும் கைகள் போதாமல் போனதில் வியப்பில்லை. 2000ஆம் ஆண்டில் ஏறக்குறைய இருநூறு பேரோடு தொடங்கிய ஸ்ரீவாரி சேவையில் இதுவரை பதினைந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் பணியாற்றியிருக்கிறார்கள். ஆந்திரம், தெலங்கானா, கர்நாடகம், தமிழ்நாடு என்று நான்கு மாநிலத்துக் குழுக்களும் வருகின்றன. பந்தியில் பரிமாறுவது, காய் நறுக்குவது, வரிசையில் நிற்பவர்களுக்குப் பாலும் தண்ணீரும் கொடுப்பது, லட்டு கவுன்ட்டரில் உதவுவது, உண்டியல் காசு எண்ணும் பரகாமணி எனப் பல பணிகள்.

முதல் நிறை, பந்தியில் எவரையும் எதுவும் கேட்பதில்லை என்பது. டோக்கன் இல்லை, ரேஷன் அட்டை இல்லை, சாதி என்ன, ஊர் எது என்ற விசாரணை இல்லை. கோயில் நகரங்களில் இன்னாருக்கு முதல் பந்தி, இன்னாருக்குத் தனிப் பந்தி என்று நடந்த காலம் அப்படியொன்றும் பழங்கதை ஆகிவிடவில்லை. அந்த மண்ணில் நாலாயிரம் பேர் ஒரே நேரத்தில், முன்பின் தெரியாதவர் பக்கத்தில் அமர்ந்து உண்பது சாதாரணச் செய்தியல்ல. வளாகத்துக்கு வைத்த பெயரும் பொருத்தமானது. பழைய சித்தூர் மாவட்டத்துத் தரிகொண்டாவில் 1730இல் பிறந்த வெங்கமாம்பா தெலுங்குக் கவிஞர். இளம் வயதில் கணவனை இழந்தும் கைம்பெண் கோலத்தை ஏற்க மறுத்து, ஊராரின் ஏச்சையும் வாங்கிக்கொண்டு மலையேறியவர் என்று அவருடைய வரலாறு சொல்கிறது.

இரண்டாவது நிறை இடையறாமை. இதன் அருமை தெரிய வேண்டுமானால் மலையை விட்டு இறங்கி, அரசாங்கம் போட்ட சோற்றின் கதையைப் பார்க்க வேண்டும்.

2018 ஜூலையில் ஆந்திரத்தில் சந்திரபாபு நாயுடு அரசு அண்ணா கேன்டீன்களைத் தொடங்கியது. வேளைக்கு ஐந்து ரூபாய். கூலிக்காரர், ஆட்டோ ஓட்டுநர், மருத்துவமனைக்கு வந்தவர் என்று நகரத்து ஏழைகள் நம்பி வந்தார்கள். 2019இல் ஆட்சி மாறியதும் அவை மூடப்பட்டன. 2024 ஆகஸ்ட் 15 அன்று, மீண்டும் ஆட்சி மாறிய பிறகு, குடிவாடாவில் மறுபடி திறந்தார்கள். இடைப்பட்ட ஐந்து ஆண்டில் சில ஊர்களில் நாயுடுவின் கட்சிக்காரர்களே கைக்காசு போட்டு அண்ணா கேன்டீன் நடத்தினார்கள். தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து புழங்கும் குப்பத்தில், 2022 ஆகஸ்டில் அப்படிப்பட்ட ஓர் உணவுப் பந்தல் சூறையாடப்பட்டு, ஆளுங்கட்சியினரும் எதிர்க்கட்சியினரும் தெருவில் மோதிக்கொண்டார்கள். தட்டில் விழும் சோற்றுக்குக் கட்சி நிறம் பூசினால் கதி இதுதான். தமிழ்நாட்டில் 2013இல் ஜெயலலிதா தொடங்கிய அம்மா உணவகம் 2021 ஆட்சி மாற்றத்துக்குப் பிறகும் நீடித்தது. ஆந்திரத்துக்கு அந்தப் பேறு கிட்டவில்லை. 1985 முதல் எத்தனையோ முதலமைச்சர்கள் வந்து போனபோதும், திருமலை அடுப்பை அணைக்க எவரும் துணியவில்லை. 2020 ஊரடங்கில் தரிசனமே நின்றிருந்தபோதும், கோயிலை நிர்வகிக்கும் திருமலை திருப்பதி தேவஸ்தானம் கீழே திருப்பதியில் பல்லாயிரக்கணக்கில் சோற்றுப் பொட்டலங்களை வழங்கியது.

இனி மறுபக்கம்.

திருமலைப் பந்தியில் உட்காருபவர் பசித்தவர்தான். மணிக்கணக்கில் வரிசையில் நின்றவருக்குப் பசிக்காமல் இருக்குமா? ஆனால் அது யாத்திரைப் பசி. ஊர் திரும்பியதும் அவர் வீட்டில் அடுப்பு எரியும். உலகில் உணவு வங்கி என்ற ஏற்பாடு பிறந்தது வேறொரு பசிக்காக. 1967இல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து ஃபீனிக்ஸ் நகரில் ஜான் வான் ஹெங்கல் என்பவர், கடைகள் வீணாக்கும் நல்ல பொருளைத் திரட்டி இல்லாதவர்களுக்குக் கொடுக்க செயின்ட் மேரீஸ் உணவு வங்கியைத் தொடங்கினார். மிச்சத்தைத் தேடிப் பிடித்துத் தேவை இருக்கும் இடத்தில் சேர்ப்பதே அதன் சாரம். இந்தச் சாரம் திருப்பதி, சித்தூர் பக்கம் ஏறக்குறைய இல்லை. மதனப்பள்ளிச் சந்தையில் விலை சரியும்போதெல்லாம் விவசாயிகள் தக்காளியைச் சாலையோரம் கொட்டுவது வாடிக்கையாகிவிட்டது. 2025 கோடையில், பெங்களூரா என்று நம் பக்கம் சொல்லும் தோத்தாபுரி மாம்பழத்தைச் சித்தூர் கூழ் ஆலைகள் கேட்ட விலைக்குக் கொடுக்க மனமின்றி விவசாயிகள் தெருவில் கொட்டினார்கள். அரசு கிலோவுக்கு நான்கு ரூபாய் மானியம் அறிவிக்க வேண்டியதாயிற்று. அதே நாள்களில் கொடையாளர்கள் அனுப்பிய காய்கறி லாரிகள் மலைக்கு ஏறிக்கொண்டுதான் இருந்தன. கொடுக்கும் மனமும் வண்டியும் ஆளும் இருக்கின்றன. எல்லாம் ஒரே திசையில் போகின்றன என்பதுதான் சிக்கல்.

ஆள் விஷயத்தில் இது இன்னும் வெளிப்படை. திருப்பதியில் ரூயா அரசு மருத்துவமனை, ஸ்விம்ஸ் மருத்துவமனை, மகப்பேறு மருத்துவமனை ஆகிய இடங்களிலும் தேவஸ்தானம் இலவச உணவு வழங்குகிறது. ராயலசீமையின் வறண்ட கிராமங்களிலிருந்து நோயாளியோடு வந்து, வராண்டாவில் துண்டை விரித்துப் படுத்திருக்கும் துணையாளருக்கு அந்த ஒரு வேளைச் சோறு எவ்வளவு பெரிது என்பதை விளக்க வேண்டியதில்லை. சேவைக்கு ஆள் எடுக்கும்போது திருமலைக்கும் திருப்பதிக்கும் சேர்த்தே இடங்களை அறிவிக்கிறார்கள். எங்கே போட்டாலும் சேவைதான். ஆனாலும் சேவைக்கு வருகிறவர் மனம் மலைமேல் இருக்கிறது. மருத்துவமனை வராண்டாவுக்குப் போகச் சொன்னால் முகம் வாடுகிறது. பணி முடிவில் கிடைக்கும் தரிசன வாய்ப்பு இந்த ஈர்ப்பைக் கூட்டுகிறது. புண்ணியத்தை நாடி வருவதில் தவறில்லை. எந்தத் தன்னார்வத் தொண்டிலும் தொண்டருக்கென்று ஏதோ ஒரு பலன் இருக்கத்தான் செய்யும். ஆனால் பலனே இடத்தைத் தீர்மானிக்கத் தொடங்கினால், பசித்தவர் கணக்கில் கடைசிக்குப் போய்விடுகிறார். சேவைக்கு இடம் வாங்கித் தருவதாகக் காசு கேட்கும் தரகர்களை நம்பாதீர்கள் என்று தேவஸ்தானமே எச்சரிக்க நேர்ந்தது. இலவச உழைப்புக்குக் கள்ளச்சந்தை உருவாகும் விந்தையைத் திருப்பதியில்தான் பார்க்கலாம்.

அடுத்த குறை பேசப்படாத ஒன்று. சேவகர்கள் தூக்கும் வாளிக்குப் பக்கத்திலேயே, அதே கூடத்தையும் அதே வளாகத்தையும் கழுவிப் பிழைக்கும் ஒப்பந்தத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். 2021 இறுதியில் தேவஸ்தானத்தின் துப்புரவு ஒப்பந்தத் தொழிலாளர்கள் பணிப் பாதுகாப்பு கேட்டுத் திருப்பதியில் நாள்கணக்கில் போராடினார்கள். 2023 கோடையில் திருமலையில் துப்புரவுப் பணியாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அதையடுத்து மே மாதம் ‘சுந்தர திருமலை – சுத்த திருமலை’ என்ற பெயரில் அதிகாரிகளும் ஊழியர்களும் சேவகர்களும் துடைப்பம் ஏந்திய படங்கள் வெளியாயின. மலையைச் சுத்தமாக வைப்பது நல்ல காரியம்தான். கூலி கேட்டு நிற்பவரின் இடத்தில் கூலி வேண்டாதவர் வந்து நின்றால், முன்னவரின் பேரம் பேசும் பலம் என்னாகும் என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. அந்தச் சேவகருக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அவர் பெருமாளுக்குப் பெருக்கினார். தெரிந்திருக்க வேண்டியது நிர்வாகம்.

பணமில்லை என்று சொல்லவும் வழியில்லை. அன்னபிரசாத அறக்கட்டளையின் வைப்புநிதி ஆயிரம் கோடி ரூபாயைத் தாண்டியது. ஒரு நாள் முழுவதற்கும் அன்னதானக் கட்டளை ஏற்க 44 லட்சம் ரூபாய். 2025 மார்ச்சில் முதலமைச்சர் நாயுடுவின் குடும்பமே பேரனின் பிறந்தநாளுக்கு அந்தத் தொகையைச் செலுத்தியது. இவ்வளவு நிதி இருக்கும் இடத்தில் தன்னார்வ உழைப்பு சிக்கனத்துக்காக இருக்கலாகாது. பக்தர்களுக்குப் பங்கேற்பு என்பதே அதன் நியாயம். அந்த நியாயம் உண்மையானதுதான். அப்படியானால் ஆண்டு முழுவதும் நடந்தாக வேண்டிய நிரந்தர வேலைக்கு நிரந்தர ஆள், நாளும் கூடிக் குறையும் கூட்டத்துக்குச் சேவகர் என்று கோடு கிழித்துக் காட்டுவது நிர்வாகத்துக்குக் கடினமல்ல.

ஏழு நாள் கணக்கும் இருபுறம் கூரான கத்தி. புதுக் கைகள் வாராவாரம் வருவதால் சலிப்பு தட்டுவதில்லை. முதல் நாள் உற்சாகம் எப்போதும் கூடத்தில் இருக்கிறது. ஆனால் கற்றுக்கொண்டவர் ஊருக்குக் கிளம்பும்போது கற்றதும் கிளம்பிவிடுகிறது. பிரிட்டனில் ட்ரசல் அமைப்பின் உணவு வங்கிகளில் வழக்கம் வேறு. மருத்துவரோ சமூகப் பணியாளரோ எழுதிக் கொடுத்த சீட்டோடு ஒருவர் வருவார். ஆண்டுக்கணக்கில் அங்கேயே தொண்டு செய்பவர் தேநீர் கொடுத்து, ஏன் இந்த நிலை என்று கேட்பார். அப்படித் திரண்ட தகவல்கள் அரசின் உதவித்தொகைக் கொள்கையை விமர்சிக்கவே ஆதாரமாயின. தொண்டர் அங்கே சாட்சியாகவும் ஆனார். சீட்டு கேட்கும் அந்த முறையில் மனிதரைக் கூசவைக்கும் ஒரு வாடையும் உண்டு. திருமலை அதை ஒழித்தது பெரிய காரியம். ஆனால் கேள்வியே இல்லாத இடத்தில், தினமும் அதே முகம் பந்திக்கு வருகிறதா, அது யார், ஏன் என்று கவனிக்கவும் ஆளில்லை. அமெரிக்கச் சமூகவியலாளர் ஜேனட் பாப்பென்டீக் 1998இல் எழுதிய ‘ஸ்வீட் சாரிட்டி?’ என்ற நூலின் வாதம் இங்கே நினைவுக்கு வருகிறது. தர்மச் சோறு கொடுப்பவரின் மனதை ஆற்றிவிடுகிறது. அதனாலேயே வறுமைக்குப் பொறுப்பேற்க வேண்டிய அரசு தப்பித்துக்கொள்கிறது என்பது அவர் கருத்து. அவர் சொன்னது அமெரிக்காவைப் பற்றி. ஆந்திரத்தில் ஐந்து ரூபாய்ச் சோறு ஐந்து ஆண்டு காணாமல் போனபோது அதற்கு ஊரில் எழுந்த சத்தம் எவ்வளவு என்று எண்ணிப் பார்த்தால், வாதத்தை முழுக்கத் தள்ளிவிட முடியவில்லை.

சேவை இந்துக்களுக்கு மட்டும் என்ற விதி ஒன்றும் இருக்கிறது. கோயில் நிர்வாகத்தின் உரிமை அது என்பார்கள். அமிர்தசரஸ் பொற்கோயிலில் எந்த மதத்தவரும் உட்கார்ந்து ரொட்டி உருட்டலாம், பாத்திரம் கழுவலாம். 1867இல் வடலூரில் வள்ளலார் மூட்டிய தருமசாலை அடுப்பும் சாதி சமயம் பார்க்காதது. மலைமேல் விதியை மாற்றுவது எளிதல்ல என்றாலும், கீழே மருத்துவமனை வராண்டாவில் சோறு பரிமாற மதம் எதற்கு?

செய்யக்கூடியவை பெரிய காரியங்கள் அல்ல. ஏழு நாள் சேவையில் ஒரு நாளாவது ரூயா, ஸ்விம்ஸ் போன்ற இடங்களில் என்று வகுக்கலாம்; தரிசனம் அதற்கும் சேர்த்தே என்றால் மறுப்பவர் குறைவு. வேலைநிறுத்த நாள்களில் சேவகர்களைத் துப்புரவுப் பணிக்கு அனுப்புவதில்லை என்று தேவஸ்தானம் எழுத்தில் அறிவிக்கலாம். மலைக்கு ஏறும் காய்கறி லாரிகளில் சில, விலை விழுந்த வாரங்களில் சித்தூர், மதனப்பள்ளிச் சந்தைகளிலிருந்து விடுதிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் திரும்பலாம். அதுவரை வேலூர், திருத்தணி, காஞ்சிபுரம் பக்கமிருந்து குழுவாகப் பெயர் பதியும் நம்மவர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு: அடுத்த முறை விண்ணப்பிக்கும்போது கீழ்த்திருப்பதிப் பணியைக் கேட்டு வாங்குங்கள்.