உபாகமத்து ஒரு பாடபேதம்

எபிரெய வேதம் புறச்சாதியார் வழிபாடுகள் அனைத்தையும் தொடக்கமுதலே பொய்யென்று தள்ளிற்று என்பது பலரும் கொண்ட கருத்து. கானானியருடைய பலிபீடங்களை இடித்து விக்கிரகங்களை எரிக்க விதிக்கும் உபாகமம் ஏழாம் அதிகாரம் அதற்குச் சான்றாகக் காட்டப்படும். அவ்விதியின் கடுமையை மழுப்புதல் ஆகாது. ஆயினும், அந்நூலின் முப்பத்திரண்டாம் அதிகாரம் வேறொரு கொள்கையையும் தன்னகத்துடையது. அஃது ஒரு பாடபேதத்தால் நெடுங்காலம் மறைந்து கிடந்தது.

உன்னதமானவர் சாதிகளுக்கு எல்லை வகுத்தகாலை யாருடைய தொகைக்கு ஏற்ப வகுத்தார்? மசோரெத்தர் போற்றிய எபிரெய மூலம் ‘இஸ்ரவேல் புத்திரர்’ என்னும். தமிழ் மொழிபெயர்ப்பு வழங்குவதும் அப்பாடமே. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பின் ஏடுகளுட் பெரும்பாலன ‘தேவதூதர்’ என்னும். மொழிபெயர்த்தோரே திரித்தனர் என்பார்க்கு முன்னர் இடமிருந்தது. 1952-இல் கண்டறியப்பட்ட கும்ரான் நான்காம் குகையிற் கிடைத்த தோற்சுருள் துண்டொன்று, எபிரெயத்திலேயே ‘தேவ புத்திரர்’ என்று காட்டவே அவ்வாதம் வலியிழந்தது.

இவற்றுள் முந்தியது யாது? ஏடுகளை ஒப்புநோக்கிப் பழகியோர்க்கு விடை அரிதன்று. ‘தேவ புத்திரர்’ என்பது பிற்காலத்து ஒருதெய்வக் கொள்கையார்க்கு இடர் தரும் பாடம். அதனை மாற்றக் காரணமுண்டு, மறுதலையாக மாற்றக் காரணமில்லை. ஆதியாகமம் கூறும் சாதிகளும் 70, எகிப்து புக்க யாக்கோபின் குடும்பத்தாரும் 70 ஆதலின் மசோரெத்த பாடமே பொருந்தும் என்பாரும் உளர். சாதிகள் பிரிந்த ஞான்று யாக்கோபே பிறந்திலன் என்பதை அவர் எண்ணினாரல்லர். அவ்வெண்ணொற்றுமை திருத்தினவனுக்குத் துணையாயிற்று எனலே அமையும்.

பழைய பாடத்தின்படி ஒவ்வொரு சாதிக்கும் ஒரு தேவ புத்திரர். யாக்கோபோ யெகோவாவின் பங்கு. ஞாயிறு திங்கள் விண்மீன்களை யெகோவா மற்றைச் சாதிகளுக்குப் பங்கிட்டார் எனும் நான்காம் அதிகாரமும் இதனோடு ஒக்கும். இவ்விடம் பிற்காலத்தாரை எத்துணை இடர்ப்படுத்திற்று என்பதைத் தால்மூது காட்டும். கிரேக்கத்திற் பெயர்த்தோர் ஆண்டு ‘ஒளிதர’ எனும் சொல்லைப் பெய்தனர் என்று அது கூறும்; இன்று கிடைக்கும் கிரேக்க ஏடுகளிலோ அச்சொல் இல்லை. யெப்தா அம்மோனிய மன்னனிடம், காமோஸ் கொடுத்த நிலத்தை நீ கொள்வதுபோல் யெகோவா கொடுத்ததை யாம் கொள்வோம் எனும் கருத்துப்பட வாதிட்டதும் இக்கொள்கைபற்றியே. சீரியப் படைத்தலைவன் நாகமான், இனி யெகோவாவையே வழிபடுவல் எனக் கூறி இரண்டு கோவேறு கழுதை சுமக்கும் மண்ணைக் கேட்டான்; தன் அரசனோடு ரிம்மோன் கோயிலிற் பணிய நேரும் பிழைக்கு மன்னிப்பும் வேண்டினான். எலிசா கடிந்தானல்லன், அமைதியாகச் செல்க என விடுத்தான்.

அற்றேல், ஒரு மரத்தின் பாதியை எரித்துக் குளிர்காய்ந்து மறுபாதியைத் தெய்வமாக்குவோனை ஏசாயா நாற்பத்துநான்காம் அதிகாரம் நகையாடுதல் என்னை எனின், அது கி. மு. 6-ஆம் நூற்றாண்டில், பாபிலோனியச் சிறையிருப்பிற் பிறந்த குரல் என்பதே ஆராய்ச்சியாளர் பலர் துணிபு. நகை கூரியது, ஆயின் எதிரியின் கொள்கையைக் கூறி மறுத்ததன்று. பாபிலோனியர் தம் படிமத்தை வாய்கழுவும் சடங்கால் உயிர்ப்பித்தகாலை, தச்சர் கைகளைக் கட்டி மரவாளால் வெட்டுவதுபோற் செய்வர்; அத்தச்சரும் இதனை யாம் செய்திலேம் என்று சூளுறுவர். மரமே தெய்வமென்று அவர் யாண்டும் கூறிற்றிலர்.