44 நாள் மேனேஜர்

உங்கள் ஆபீஸுக்குப் புது மேனேஜர் வரப்போகிறார் என்ற செய்தி முதலில் எங்கே வெளியாகும்? நோட்டீஸ் போர்டில் இல்லை. டீக்கடையில்.

2001-ல் எனக்கு அப்படித்தான் தெரியவந்தது. பி.காம் முடித்த கையோடு, பாரிமுனைப் பக்கம் ஒரு கம்பெனியில் லெட்ஜர் எழுதிக்கொண்டிருந்தேன். பழைய மேனேஜர் ரிட்டையர் ஆகிறார், போட்டிக் கம்பெனியிலிருந்து ஒருவர் வருகிறார் என்றதும் டீக்கடை பெஞ்சு பாராளுமன்றம் ஆகிவிட்டது. 'நம்ம ஆளு ஒருத்தருக்கே குடுத்திருக்கலாமே' என்றது ஒரு கட்சி. 'வெளியாளு வந்தாத்தான் இந்த ஆபீஸ் உருப்படும்' என்றது இன்னொரு கட்சி. முதல் கட்சிக்கு அடியேன் கொள்கை பரப்புச் செயலாளர்.

வந்தவர் முதல் நாளே, 'இத்தனை வருஷமா நீங்க எழுதினது கணக்கே இல்லை' என்றார். தீர்ந்தது கதை. அவர் கேட்ட ஃபைல் கிடைக்காது. கூப்பிட்ட ஆள் சீட்டில் இருக்கமாட்டார். மூன்றே மாதம். அவர் கிளம்பிப் போன அன்று சாயந்தரம், எல்லோரும் காசு போட்டு பஜ்ஜி சாப்பிட்டோம்.

'தி டேம்ட் யுனைடெட்' படத்தைப் போன வாரம் மறுபடியும் பார்த்தபோது அந்த பஜ்ஜி நெஞ்சைக் கரித்தது.

2009-ல் வந்த இங்கிலீஷ் படம். சபிக்கப்பட்ட யுனைடெட் என்று பொருள் சொல்லலாம். கால்பந்துப் படம் என்று பெயர்தானே தவிர, அதில் பந்து உருள்வது கொஞ்சம்தான். அதனால் கால்பந்து தெரியாதவர்களும் தைரியமாகப் பார்க்கலாம். இது ஒரு வேலை நியமனத்தின் கதை.

ஒரு சின்ன விளக்கம். அந்தக் கால இங்கிலாந்துக் கால்பந்தில் மேனேஜர் என்றால் நம் ஊர்க் கோச் மாதிரி ஓரமாக நின்று விசில் ஊதுகிறவர் அல்ல. யார் ஆடுவது, யாரை வாங்குவது, யாரை விற்பது, எல்லாம் அவர்தான். கிளப் ஒரு கோயில் என்றால் இவர்தான் தர்மகர்த்தா, பூசாரி, சமயத்தில் மடப்பள்ளிச் சமையல்காரர்.

1974. லீட்ஸ் யுனைடெட் அப்போதுதான் லீக் சாம்பியன். அந்த அணியை உருவாக்கிய மேனேஜர் டான் ரெவி, இங்கிலாந்து தேசிய அணிக்குப் போய்விடுகிறார். போகும்போது, 'என் இடத்துக்கு ஜானி கைல்ஸைப் போடுங்கள்' என்று சொல்லிவிட்டுப் போகிறார். கைல்ஸ் அதே அணியில் ஆடிக்கொண்டிருந்தவர். டைரக்டர்கள் கேட்டார்களா? இல்லை. பிரையன் கிளஃபைக் கூப்பிட்டார்கள்.

கிளஃப் யார்? இரண்டாம் டிவிஷனில் கிடந்த டெர்பி கவுன்ட்டியைக் கைதூக்கிவிட்டு 1972-ல் சாம்பியன் ஆக்கியவர். திறமையில் குறையே கிடையாது. வாயில்தான் சனி. பல வருடங்களாக, 'லீட்ஸ் முரட்டு ஆட்டம் ஆடுகிறது, ஏமாற்றி ஜெயிக்கிறது' என்று டி.வி-யிலும் பத்திரிகையிலும் திட்டித் தீர்த்தவர். ஒழுங்கீனத்துக்காக அவர்களைக் கீழ் டிவிஷனுக்குத் தள்ளவேண்டும் என்றுகூட எழுதியவர். அவரைத்தான் அதே லீட்ஸுக்கு மேனேஜர் ஆக்கினார்கள். மாமனாரை ஊர் முழுக்கத் திட்டியவனை வீட்டோடு மாப்பிள்ளையாகக் கூட்டிவந்த மாதிரி.

மாப்பிள்ளை வந்து என்ன சொன்னார்? 'நீங்கள் வாங்கிய மெடல்களை எல்லாம் குப்பைத்தொட்டியில் போடுங்கள். ஏமாற்றி வாங்கியவை' என்ற பொருளில் வீரர்களிடமே பேசினார். ஆறு லீக் ஆட்டங்கள். ஒரே ஒரு வெற்றி. ஜூலை 30-ல் வந்தவரை செப்டம்பர் 12-ல் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மொத்தம் 44 நாள். எங்கள் ஆபீஸ் மேனேஜர் இவரைவிட தேவலை.

டேவிட் பீஸ் 2006-ல் எழுதிய நாவலைத்தான் பீட்டர் மார்கன் திரைக்கதை ஆக்கியிருக்கிறார். இயக்கியவர் டாம் ஹூப்பர். அடுத்த வருடமே 'தி கிங்ஸ் ஸ்பீச்' எடுத்து ஆஸ்கர் வாங்கியவர். கிளஃபாக மைக்கேல் ஷீன். மனிதர் பிய்த்து உதறியிருக்கிறார். அந்த மூக்கால் பேசும் இழுவை, கேமராவைப் பார்த்ததும் முகத்தில் வரும் மிடுக்கு, தனியாக இருக்கும்போது அது வடிந்துபோகும் விதம்... இதற்காகவே ஒருமுறை பார்க்கலாம். உதவியாளர் பீட்டர் டெய்லராக வரும் டிமதி ஸ்பால் அதிகம் பேசாமலே ஜெயிக்கிறார்.

சரி, குறை எங்கே?

படம் இதை இரண்டு நண்பர்களின் பிரிவுக் கதையாக்கிவிடுகிறது. டெய்லர் லீட்ஸுக்கு வராமல் பிரைட்டனிலேயே தங்கிவிட்டார். அதனால் கிளஃப் தோற்றார். கடைசியில் கிளஃப் தேடிப்போய் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்கிறார். சேர்ந்துவிடுகிறார்கள். சுபம். நிஜத்தில் டெய்லர் மறுபடியும் கிளஃபோடு சேர்ந்தது 1976-ல், ஏறக்குறைய இரண்டு வருடம் கழித்து. சினிமா என்றால் காலத்தைச் சுருக்கத்தான் செய்வார்கள், போகட்டும். ஆனால் தப்பு முழுவதையும் ஒரு மனிதனின் திமிர்க் கணக்கில் எழுதியதும், அந்தத் திமிர் கரைந்ததும் கணக்கைப் பூட்டிவிடுகிறார்கள். எனக்கு அங்கேதான் டேலி ஆகவில்லை. அவரை நியமித்தவர்கள் எந்தப் பக்கத்தில் வருகிறார்கள்?

நாவல் இன்னும் இருட்டு. கிளஃபின் மண்டைக்குள்ளேயே உட்கார்ந்து, சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லி, ஆணி அடிக்கிற மாதிரிப் போகும் நடை. படித்து முடித்தால் தலைவலி வரும். நல்ல தலைவலி. ஆனால் உயிரோடு இருக்கிறவர்கள் பெயரைப் போட்டுக் கற்பனை வசனம் எழுதியது வினையாயிற்று. கைல்ஸ் கோர்ட்டுக்குப் போனார். பதிப்பாளர்கள் சமாதானமாகி, சில பகுதிகளை எடுக்கவேண்டி வந்தது. கிளஃப் குடும்பத்துக்கும் புத்தகம் பிடிக்கவில்லை. அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது என்பது என் கட்சி. கிளஃப் 2004-லேயே போய்விட்டார். 'நான் அப்படி நினைக்கவில்லை' என்று சொல்ல ஆள் இல்லாத ஒருவரின் நினைப்பை எழுதும்போது பேனா கொஞ்சம் நடுங்கவேண்டாமா?

எனக்குப் பெரிய குறை வேறு. நாவலும் படமும் கிளஃபின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பதில், ஸ்டேடியத்தில் நிற்கும் ஆயிரக்கணக்கான பேர் வெறும் சத்தமாகிவிடுகிறார்கள். ரசிகனுக்கு அந்த நியமனத்தில் ஓட்டு இல்லை. ஆனால் தண்டனையில் பங்கு உண்டு. மேனேஜர் போய்விடுவார், வீரர் வேறு கிளப்புக்கு விலைபோய்விடுவார், டைரக்டர் பங்கை விற்றுவிடுவார். ராஜினாமா செய்ய முடியாத ஒரே ஆள் ரசிகன்தான். ஆகவே புது மேனேஜர் பற்றி அவன் போடும் சண்டையை வெட்டிப் பேச்சு என்று நான் சொல்லமாட்டேன். 'யார் வரவேண்டும்' என்று அவன் கேட்பது போலத் தெரியும். உண்மையில், 'நாம யாரு?' என்றுதான் கேட்கிறான்.

அது நியாயமான கேள்வி. பதில்தான் பெரும்பாலும் தப்பாகிவிடுகிறது.

இந்த விஷயத்தில் 1973, 74 ஒரு பாடப்புத்தகம். பத்தே மாதத்தில் மூன்று நியமனங்கள்.

முதலாவது டெர்பி. 1973 அக்டோபரில் கிளஃப் நிர்வாகத்தோடு மோதி ராஜினாமா செய்கிறார். ஊரே கொதிக்கிறது. அவரைத் திரும்பக் கொண்டுவா என்று ரசிகர்கள் ஊர்வலம் போகிறார்கள். வீரர்களும் முறுக்கிக்கொள்கிறார்கள். இந்த நெருப்புக்கு நடுவில் மேனேஜராக வருகிறார் டேவ் மெக்கே. யாரும் கேட்காத ஆள். 1974-75 லீக் சாம்பியன் யார் தெரியுமா? அதே மெக்கேயின் டெர்பி!

இரண்டாவது லிவர்பூல். 1974 ஜூலையில் பில் ஷாங்க்லி திடீரென்று விலகுகிறார். அந்த ஊரில் அவர் மேனேஜர் இல்லை, குலதெய்வம். அவர் இடத்துக்கு வந்தது பாப் பெய்ஸ்லி. பல வருடமாகப் பின்னால் நின்று வேலை பார்த்தவர், பேச்சு வராதவர், 'எனக்கு வேண்டாமே' என்று தயங்கியவர். ஷாங்க்லியோ பயிற்சி மைதானத்துக்கு வந்துபோவதை நிறுத்தவில்லை. பிள்ளைகள் பழைய பழக்கத்தில் அவரையே 'பாஸ்' என்றார்கள். பெய்ஸ்லிக்கு எப்படி இருந்திருக்கும்? முதல் சீசனில் ஒரு கோப்பைகூட இல்லை. ஆனால் 1983-ல் விலகும்போது ஆறு லீக் பட்டம், மூன்று ஐரோப்பியக் கோப்பை.

மூன்றாவதுதான் நம் லீட்ஸ்.

முதல் சீசனில் பெய்ஸ்லி கோப்பை வாங்காதது பொறுத்துக்கொள்ளப்பட்டது. கிளஃபுக்கு ஆறு ஆட்டம்தான் பொறுத்தார்கள். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். காமர்ஸ் படித்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். 'குட்வில்' என்று ஒரு அயிட்டம் உண்டு. கண்ணுக்குத் தெரியாத சொத்து. கையில் பிடிக்க முடியாது, ஆனால் கடையை விற்கும்போது அதற்குத்தான் அதிக விலை. பெய்ஸ்லி அந்தக் கணக்கில் நிறைய இருப்பு வைத்திருந்தார். கிளஃப் வாசலுக்குள் நுழையும்போதே ஓவர்டிராஃப்ட்.

அதற்காக, 'உள்ளாள்தான் நல்லவர்' என்று முடிவுகட்டிவிடாதீர்கள். ஃபெர்குசன் தானே கைகாட்டிய டேவிட் மோயஸை 2013-ல் மான்செஸ்டர் யுனைடெட் ஆறு வருட ஒப்பந்தத்தோடு கொண்டுவந்தது. ரசிகர்கள் பெரிய பேனர் கட்டி வரவேற்றார்கள். 2014 ஏப்ரலில் ஆள் அவுட். அந்த ஃபெர்குசனுக்கே 1989 டிசம்பரில், 'மூணு வருஷமா சாக்குதான் சொல்றீங்க, போய்ட்டு வாங்க' என்ற தோரணையில் அதே மைதானத்தில் பேனர் பிடித்திருக்கிறார்கள். நிர்வாகம் அசையவில்லை. 1990-ல் எஃப்.ஏ. கோப்பை வந்தது. அப்புறம் 13 லீக் பட்டங்கள்.

2015-ல் லெஸ்டர் சிட்டிக்கு கிளாடியோ ரானியேரி வந்தபோது, அந்த ஊர்ப் பிள்ளையும் பழைய இங்கிலாந்து ஸ்ட்ரைக்கருமான கேரி லினேகரே, 'இவரா, நிஜமாவா?' என்று உதட்டைப் பிதுக்கினார். லெஸ்டர் ஜெயிப்பதற்கு பெட்டிங் கடைகளில் ஒன்றுக்கு ஐயாயிரம் விலை. ஜெயித்தது. சொன்ன சொல்லைக் காப்பாற்ற லினேகர் டி.வி-யில் உள்ளாடையோடு நிகழ்ச்சி நடத்தவேண்டி வந்தது. நாம் எல்லோரும் நம் கணிப்புக்கு இப்படி ஜாமீன் கொடுக்கவேண்டும் என்று சட்டம் வந்தால் டீக்கடைகள் எவ்வளவு அமைதியாக இருக்கும்! இதில் ஒரு சோகமும் உண்டு. கோப்பை வாங்கித்தந்த ரானியேரியை 2017 பிப்ரவரியில் அதே நிர்வாகம் கழற்றிவிட்டது.

ஆகவே உள்ளாளா வெளியாளா என்பது விஷயமே இல்லை. ரசிகன் கேட்கவேண்டிய கேள்வி வேறு. 'இவரை எதுக்குக் கொண்டுவர்றீங்க? கஷ்டம் வந்தா எத்தனை நாள் கூட நிப்பீங்க?' லீட்ஸ் டைரக்டர்களிடம் இந்த இரண்டுக்கும் பதில் இல்லை. அதைத்தான் படம் கேட்காமல் விட்டுவிட்டது.

ரசிகர்களுக்கும் ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது.

கிளஃப் லீட்ஸுக்கு வரும்போது டெர்பியிலிருந்து ஜான் மெக்கவர்ன் என்ற ஆட்டக்காரரைக் கூட்டிவந்தார். லீட்ஸின் செல்லப்பிள்ளை, கேப்டன் பில்லி பிரெம்னர். சீசனைத் துவக்கிவைக்கும் வெம்ப்ளி ஆட்டத்தில் கெவின் கீகனோடு கைகலப்பாகி, சட்டையைக் கழற்றி எறிந்து, தடை வாங்கியிருந்தார். அவர் இடத்தில் மெக்கவர்ன் ஆடினார். சொந்த மைதானத்திலேயே சொந்த ரசிகர்கள் அவரைக் கூச்சல் போட்டுக் கேலி செய்தார்கள். அவர் செய்த பாவம், கிளஃபின் ஆளாக இருந்தது. கிளஃப் அப்புறம் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் போனபோது அவரையும் கூட்டிப்போனார். 1979-லும் 1980-லும் ஐரோப்பியக் கோப்பையைக் கையில் தூக்கிய ஃபாரஸ்ட் கேப்டன் யார்? அதே மெக்கவர்ன்.

லீட்ஸும் 1975-ல் ஐரோப்பியக் கோப்பை ஃபைனல் வரை போனது. பேயர்ன் மூனிக்கிடம் தோற்றுவிட்டது.

எங்கள் ஆபீஸ் கதையில் பாக்கியைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அந்த மூன்று மாத மேனேஜர் அப்படி என்னதான் கேட்டார்? 'நமக்குப் பணம் தரவேண்டிய பார்ட்டி ஒவ்வொருத்தருக்கும் லெட்டர் போட்டு, பாக்கி எவ்வளவுனு எழுதி வாங்குங்க' என்றார். அவ்வளவுதான். 'நம்மள நம்பல பாருய்யா' என்று டீக்கடையில் பொங்கியது நான்தான். இரண்டு வருடம் கழித்து ஆடிட்டர் அதே லெட்டரைப் போடவைத்தார். எங்கள் புத்தகத்தில் சொத்தாக உட்கார்ந்திருந்த பாக்கியில் பாதி, வராத பாக்கி. கிளையை மூடினார்கள். அங்கிருந்து கிளம்பியவன்தான் இப்போது உங்களுக்குக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அன்றைக்கு பஜ்ஜிக்கு என் பங்கு எட்டு ரூபாய்.