வாடகை வீடும் தலித் எழுத்தும்

'புது ஊருக்கு மாத்திட்டாங்க, எந்த ஏரியாவுல வீடு பாக்கலாம்?' மாற்றலாகிற உத்தியோகஸ்தன், முதல் வேலை கிடைத்த பையன், மேல்படிப்புக்கு வருகிற பொண்ணு எல்லாரும் கேட்கிற கேள்விதான். பதிலும் தயாராக இருக்கும். தண்ணி நல்லா வரும், பஸ் ஸ்டாண்டு பக்கம், பள்ளிக்கூடம் பக்கம், 'டீசன்ட்டான ஏரியா'. இந்த 'டீசன்ட்' என்ற சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் பிரித்துச் சொல்வதில்லை. கேட்பவன் மேல்சாதிக்காரன் என்றால் அவனுக்குச் சொல்லாமலே விளங்கும். கேட்பவன் தலித் என்றால் அந்தச் சொல் அவனைத்தான் வாசலில் நிறுத்துகிறது.

தெருவைப் பற்றி நாம் எழுதாமல் இல்லை. பாமாவின் 'கருக்கு' (1992) தன் கிராமத்தைத் தெருத்தெருவாகப் பிரித்துக் காட்டித்தான் தொடங்குகிறது. தபாலாபீசு, பஞ்சாயத்து, கடை, கோயில், பள்ளிக்கூடம் எல்லாம் அவர்கள் பக்கம். நாம் இந்தப் பக்கம். ஊர் வேறு, சேரி வேறு என்பதைத் தமிழ் தலித் எழுத்து அழுத்தமாகப் பதிவு செய்துவிட்டது. ஆனால் சேரியை விட்டுப் படித்து வெளியே வந்தவன், பொட்டி படுக்கையோடு ஒரு நடுத்தர நகரத்தில் இறங்கி வீடு தேடி அலைந்தானே, அந்த அலைச்சல் நம் எழுத்தில் போகிறபோக்கில்தான் வருகிறது. முதல் தலைமுறை உத்தியோகம் பார்க்கிற ஒவ்வொரு குடும்பத்திலும் இந்தக் கதை உண்டு. சொல்லக் கூச்சமாக இருப்பதால் கிடப்பில் கிடக்கிறது. அதை எழுதியவர்களை முதலில் வாசிப்போம்.

1

கிராமத்தை அறியாமையின், குறுகலின் குழி என்ற பொருளில் 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் சாடியவர் அம்பேத்கர். கிராமத்தை விட்டு வெளியேறு என்பது அவருடைய அரசியல். அதை வைத்து நகரம் விடுதலை தரும் என்று அவர் கண்மூடித்தனமாக நம்பியதாகச் சிலர் பேசுகிறார்கள். நகரத்தில் வீடு கிடைக்காமல் நடுத்தெருவில் நின்றவர் அவர். 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற அவருடைய சிறு தன்வரலாற்றுக் குறிப்பு அதைச் சொல்கிறது. அவர் மறைந்து பல வருசம் கழித்து, 1990-ல்தான் அது சிறு நூலாக வந்தது. 1993-ல் மகாராஷ்டிர அரசின் ஆங்கிலத் தொகுப்பில் 12-ஆம் தொகுதியில் சேர்ந்தது.

வருசம் 1917. கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு, உதவித்தொகை தந்த பரோடா சமஸ்தானத்தில் வேலை பார்க்க வருகிறார். சயாஜிராவ் கெய்க்வாட் சீர்திருத்த ராஜா என்று பேரெடுத்தவர். வேலை இருக்கிறது, சம்பளம் இருக்கிறது, படுக்க இடம் இல்லை. ஒரு பார்சி விடுதிக்குப் போகிறார். உடுப்பை மாற்றும்போது பார்சிகள் அணியும் புனிதச் சட்டையும் கயிறும் உடம்பில் இல்லை என்பதை விடுதிக் காவலர் கண்டுகொள்கிறார். இது பார்சிகளுக்கு மட்டுமான விடுதி. பேசிப்பேசி ஓர் ஏற்பாட்டுக்கு வருகிறார்கள். பதிவேட்டில் ஒரு பார்சிப் பெயரை எழுதிவிட்டுத் தங்கிக்கொள்ளலாம். சாப்பாட்டோடு நாளுக்கு ஒன்றரை ரூபாய். மாடியில் சின்ன அறை. மற்றதெல்லாம் உடைந்த பெஞ்சும் நாற்காலியும் அடைத்துக் கிடந்த பெரிய கூடம். மின்விளக்கு இல்லை, ஒரு அரிக்கேன் லாந்தர்தான். இருட்டில் வௌவால்கள். பதினோராவது நாள் தடியோடு ஒரு கூட்டம் வந்து நிற்கிறது. சாயங்காலத்துக்குள் காலி பண்ணு என்கிறது. இந்து நண்பரிடம் கேட்கிறார். நீங்கள் வந்தால் வேலைக்காரர்கள் போய்விடுவார்கள் என்கிறார். பிராமணராக இருந்து கிறிஸ்தவரான நண்பர், மனைவியைக் கேட்க வேண்டும் என்கிறார். அம்பேத்கர் காமாட்டி பாக் பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு, ராத்திரி ரயிலில் பம்பாய்க்குத் திரும்பிவிடுகிறார்.

இந்தப் பகுதியை நாம் எப்படி வாசித்து வந்திருக்கிறோம்? ஒன்று, தலைவர் பட்ட அவமானமாக. இல்லையென்றால், அவர் சபதம் எடுத்த இடமாக. பரோடாவில் அந்தப் பூங்கா இன்று 'சங்கல்ப பூமி'யாகப் போற்றப்படுகிறது. அதில் தப்பில்லை. ஆனால் மரத்தடியில் விட்ட கண்ணீரை மட்டும் எடுத்துக்கொண்டு, அதற்கு முந்தைய பத்து நாளை விட்டுவிடுகிறோம். பிரதியின் பலம் அந்தப் பத்து நாளில் இருக்கிறது. அம்பேத்கர் பொருளாதாரம் படித்தவர். வாடகை எவ்வளவு, என்ன வசதி, காவலருக்கு எதனால் சம்மதம் என்பதையெல்லாம் கணக்குப்பிள்ளை மாதிரி எழுதிவைக்கிறார். ஆள் வராமல் காலியாகக் கிடந்த விடுதி அது. காவலருக்குக் காசு தேவை. இவருக்கு இடம் தேவை. சந்தை தன் வேலையை ஒழுங்காகச் செய்துவிட்டது. ஒரு பொய்ப் பெயரைக் கூடச் சகித்துக்கொண்டது. வாங்குபவனும் விற்பவனும் சம்மதித்த அந்த ஒப்பந்தத்தைக் குலைத்தது மூன்றாவது ஆள்: தடியோடு வந்த சமூகம். 'காசு இருந்தா சாதி பாக்கமாட்டான், நகரம் சாதியைக் கரைச்சிரும்' என்று இன்றும் சொல்கிற பொருளாதார அறிவாளிகளுக்கு இதைவிட நல்ல பதில் வேறொன்றில்லை.

2

பம்பாயிலிருந்து பரோடா போகும் அதே ரயில் பாதையில், சூரத்தை ஒட்டி உத்னா இருக்கிறது. பாபுராவ் பாகுலின் மராத்திச் சிறுகதை அங்கேதான் நடக்கிறது. 1963-ல் வந்த தொகுப்பின் தலைப்புக் கதை. 'நான் சாதியை மறைத்தபோது' என்று சொல்கிறோம். மராத்தித் தலைப்பில் வரும் வினைச்சொல்லுக்கு நேர்ப்பொருள் 'திருடுதல்'. தன் சாதியைத் தானே திருடி ஒளித்துவைக்க வேண்டியிருக்கிறது. எடுத்தவனும் அவன்தான், பறிகொடுத்தவனும் அவன்தான். வீடு கேட்டுப் போய்ச் சாதியைச் சொல்லாமல் நின்ற எவனுக்கும் இந்தத் திருட்டு உணர்ச்சி தெரியும்.

ரயில்வே வேலைக்கு வருகிறான் கதைசொல்லி. அறை கேட்கும் இடத்தில் 'நீ யாரு' என்ற கேள்வி வருகிறது. 'நான் பம்பாய்க்காரன்' என்று சீறி மழுப்புகிறான். கேட்டவன் பின்வாங்குகிறான். கோபம் அவனைக் காப்பாற்றுகிறது, கொஞ்ச காலத்துக்கு. அதே இடத்தில் இன்னொரு தலித் தொழிலாளி, காசிநாத், மறைக்காமல் நிமிர்ந்து நிற்கிறான். தினம் சண்டை. கதைசொல்லிக்கு இவனைப் பார்த்தால் பெருமை, கூடவே பயம். உண்மை வெளியானதும் அதுவரை மதித்தவர்களே அடிக்கிறார்கள். காப்பாற்ற வருவது காசிநாத்.

அம்பேத்கரின் பிரதி விட்ட இடத்திலிருந்து பாகுல் தொடங்குகிறார் என்று எனக்குப் படுகிறது. மறைத்து ஒண்டுவது ஒரு வழி, சொல்லி மோதுவது இன்னொரு வழி. இரண்டு பேரும் நகரத்தில் வாழ்கிறார்கள், இரண்டு பேருக்கும் நிம்மதி இல்லை. 'ஏரியாவைத் தேர்ந்தெடுப்பது' என்று மற்றவர்கள் சொல்கிறார்களே, தலித்துக்கு அந்தத் தேர்வு இந்த இரண்டுக்கும் நடுவில்தான். எந்தத் தெரு என்பதற்கு முன்னால் எந்தப் பெயர் என்பது வந்து நிற்கிறது.

3

'அதெல்லாம் அந்தக் காலம்' என்பார்கள். சரி, சட்டத்தைப் பார்ப்போம். 1955-ஆம் வருசத்துத் தீண்டாமைக் குற்றச் சட்டம் 1976-ல் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியது. எந்தப் பகுதியிலும் குடியிருப்பு கட்டவோ, வாங்கவோ, குடியேறவோ தீண்டாமையின் பேரால் தடுப்பது குற்றம் என்று அதன் நாலாவது பிரிவு சொல்கிறது. எழுத்தில் இருக்கிறது. ஆனால் எந்த வீட்டுக்காரன் 'நீ எஸ்.சி., அதனால் வீடு இல்லை' என்று சொல்கிறான்? 'தம்பி மகன் வர்றான்', 'வெள்ளையடிக்கப் போறோம்', 'நேத்துதான் அட்வான்ஸ் வாங்கினோம்'. சட்டம் காரணத்தைக் கேட்கிறது. சாதி காரணத்தையே சொல்வதில்லை.

2005-ல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. அகமதாபாத்தில் பார்சிகளின் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம் பார்சிகளை மட்டுமே உறுப்பினராகச் சேர்க்கலாம், அந்த விதி செல்லும் என்றது. சிறுபான்மையாக வாழ்கிற ஒரு சமூகத்தின் அச்சத்தை நான் புரிந்துகொள்கிறேன். ஆனால் 'எங்களவர் மட்டும்' என்று சங்கம் வைத்துக்கொள்ள அந்த வாசல் திறந்தால், அதன் வழியாக முதலில் நுழைவது யார்? அகமதாபாத்தும் அந்த ரயில் பாதையில், பரோடாவுக்கு அடுத்துதான் இருக்கிறது. 1917-ல் தடியெடுத்து வந்தவர்கள் செய்ததை 2005-ல் விதிமுறைப் புத்தகம் அமைதியாகச் செய்கிறது.

சுகதேவ் தோரட்டும் மற்றவர்களும் தில்லியிலும் அதைச் சுற்றியுள்ள நகரங்களிலும் ஒரு சோதனை செய்து 2015-ல் வெளியிட்டார்கள். ஒரே மாதிரி வேலை, ஒரே மாதிரி வருமானம், பெயர் மட்டும் வேறு. தொலைபேசியில் வீடு கேட்டார்கள். மேல்சாதிப் பெயருக்கு மறுப்பே இல்லை. தலித் பெயருக்கு நூற்றுக்குப் பதினெட்டுப் பேர் போனிலேயே இல்லை என்றார்கள். இன்னும் பலர் கூடுதல் நிபந்தனை போட்டார்கள். முஸ்லிம் பெயருக்கு மறுப்பு இதைவிட அதிகம்.

4

2011-ல் திருச்சிக்கு மாற்றலாகி வந்தேன். தரகர் தங்கமான மனுசன். தில்லை நகர், கே.கே. நகர், சீரங்கம் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தவர், பாதி வழியில் வண்டியை ஓரங்கட்டி, 'சார், தப்பா நெனைக்காதீங்க, ஓனர் கேப்பாரு... நீங்க என்ன ஆளுங்க?' என்றார். சொன்னேன். 'எனக்கு அதெல்லாம் கெடையாது சார்' என்றார். அதற்குப் பிறகு அவர் காட்டிய வீடுகளின் வரிசை மாறிப்போனது.

ஒரு வீட்டில் வீட்டுக்கார அம்மா என் துணைவியாரிடம் கேட்ட கேள்விகள் இவை. 'எந்தப் பக்கம்மா?' 'பெரம்பலூர் பக்கங்க.' 'பெரம்பலூர்ல எந்த ஊரு?' ஊர் பேரைச் சொன்னாள். 'அங்க எங்க சம்பந்தி இருக்காங்களே! நீங்க எந்தத் தெரு?' அதோடு முடிந்தது. கவுச்சி சாப்பிடுவீங்களா என்ற கேள்விக்கே போக வேண்டியிருக்கவில்லை. ரெண்டாம் நாள், வாங்கிய முன்பணத்தை மரியாதையாகக் கவரில் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள்.

நடுத்தர நகரத்தின் வேலை இதுதான். கிராமத்தில் உன்னை எல்லாருக்கும் தெரியும், கேட்க வேண்டியதில்லை. சென்னை மாதிரிப் பெருநகரத்தில் கேட்டாலும் பிடிபடாமல் போகலாம். திருச்சி, சேலம், திருநெல்வேலி மாதிரி ஊர்களில் ரெண்டு மணி நேர பஸ் தூரத்துக்குள் எல்லாருடைய கிராமமும் இருக்கிறது. மூன்று கேள்வி போதும். கிராமத்தின் தெரு, நகரத்தின் திண்ணையில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

மறைத்தால் கிடைக்கும் வீடு எப்படிப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். ஆம்பளை காலையில் ஆபீசுக்குப் போய்விடுவான். பகல் முழுக்க அந்தப் பொய்யைக் காவல் காப்பது பொம்பளைதான். கருவாடு வறுத்தால் சன்னலைச் சாத்த வேண்டும். ஊரிலிருந்து மாமியார் வந்தால் பேச்சைக் கவனிக்க வேண்டும். பிள்ளைகளுக்கு எதைச் சொல்லக் கூடாது என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். அம்பேத்கர் படம் கூடத்திலிருந்து பீரோவுக்குள் போகும். பாகுலின் கதையில் மறைப்பவன் தனியாள், ஆண். குடும்பத்தோடு மறைக்கிறவர்களின் கதை, அதிலும் அந்தப் பொம்பளையின் கதை, இன்னும் எழுதப்படக் காத்திருக்கிறது.

5

அப்படியானால் நம்ம சனங்க இருக்கிற பக்கமே போய்விடலாமே என்று கேட்கலாம். இதைத் தோல்வி என்று நினைக்கிற படித்த தலித்துகள் உண்டு. அவர்கள் வசந்த் மூனின் 'வஸ்தி'யைப் படிக்க வேண்டும். மராத்தியில் 1995-ல் வந்தது. கெயில் ஓம்வெட்டின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2001-ல் வந்தது. நாக்பூர் நகரத்துக்குள் இருந்த ஒரு மகர் குடியிருப்பின் கதை. பசி இருக்கிறது, அழுக்கு இருக்கிறது. கூடவே உடற்பயிற்சிக் கூடம், படிப்பு, கூட்டம், ஊர்வலம், இயக்கம் எல்லாம் இருக்கிறது. வஸ்தி அங்கே இல்லாமையின் பெயராக இல்லை. ஒரு அரசியலின் பிறப்பிடமாக இருக்கிறது. அம்பேத்கரின் ஆங்கிலத் தொகுதிகளைப் பதிப்பித்தவரும் இதே வசந்த் மூன்தான். பரோடாவில் வீடில்லாமல் நின்றவரின் எழுத்தை அச்சுக்குக் கொண்டுவந்தது ஒரு வஸ்தியில் வளர்ந்த கை என்பது சும்மா இல்லை.

ஆனால் இதையும் ரொம்பக் கொண்டாடிவிடக் கூடாது. நம் குடியிருப்புகள் சாக்கடை ஓரத்திலும் தாழ்ந்த நிலத்திலும் இருப்பது நாம் தேர்ந்தெடுத்ததால் அல்ல. விரும்பி அங்கே இருப்பதற்கும் வேறு வழியில்லாமல் இருப்பதற்கும் வித்தியாசம் உண்டு. வெளியே போகிற கதவு திறந்திருந்தால்தான் உள்ளே இருப்பது தேர்வு.

தமிழக அரசு 1997-ல் அறிவித்த சமத்துவபுரத்தில் நூறு வீடு: நாற்பது தாழ்த்தப்பட்டவருக்கு, இருபத்தைந்து பிற்பட்டவருக்கு, இருபத்தைந்து மிகவும் பிற்பட்டவருக்கு, பத்து மற்றவருக்கு. முதலாவது 1998-ல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் திறக்கப்பட்டது. கலந்து வாழும் தெருவை அரசாங்கம் புதிதாகக் கட்டித்தான் காட்ட வேண்டியிருந்தது என்பதே, இருக்கிற தெருக்களைப் பற்றிய வாக்குமூலம். வீட்டுக்காரன் இல்லாத இடத்தில் அது முடிந்தது. பொன்மலை ரயில்வே காலனி போன்ற இடங்களிலும் குவார்ட்டர்ஸ் சம்பளப் படியைப் பார்த்துத்தான் ஒதுக்கப்படுகிறது, குலதெய்வத்தைக் கேட்டு அல்ல. அங்கும் சாதி இருக்கிறது. ஆனால் சாவியைத் தருகிற கையில் அது இல்லை. அரசு வேலையும் குவார்ட்டர்ஸும் குறையக் குறைய, நம் பிள்ளைகள் முழுக்க முழுக்க வீட்டுக்காரனின் திண்ணைக்குத்தான் தள்ளப்படுகிறார்கள்.

போன மாதம் ஒரு மாணவன் கேட்டான்: 'அண்ணே, வேலை கெடைச்சிருச்சு, எந்த ஏரியாவுல வீடு பாக்கட்டும்?' எனக்கு முன்னால் வந்தவர்கள் எனக்குச் சொன்னதைத்தான் அவனுக்கும் சொன்னேன். முதலில் அந்த ஊரில் நம்ம ஆளுங்க யார் யார் எங்கே இருக்கிறார்கள் என்று கேள். மறுத்த வீட்டின் வாசலில் என்ன கேட்டார்கள், என்ன காரணம் சொன்னார்கள், என்ன தேதி என்று குறித்துவை. ஒரு நோட்டுப் போட்டு எழுது. அம்பேத்கர் வாடகையைக் கூட விடாமல் எழுதிவைத்தார். அதனால்தான் இன்று நாம் அதை வைத்துக்கொண்டு வாதாட முடிகிறது.

எழுதியதை இந்த இதழுக்கு அனுப்பு என்றும் சொல்லியிருக்கிறேன்.