மூன்று நிமிடத்துக்குள் சார்லி கிறிஸ்டியன்

ஜாஸில் மின்சார கிட்டாரை முதலில் வாசித்தவர் சார்லி கிறிஸ்டியன் என்று பலரும் எழுதிவிடுகிறார்கள். அது சரியல்ல. எடி டர்ஹாமும் ஜார்ஜ் பார்ன்ஸும் 1938-லேயே மின்கிட்டார் வாசித்து இசைத்தட்டு வெளியிட்டுவிட்டார்கள். கிறிஸ்டியன் செய்தது வேறு, அதைவிடப் பெரிய காரியம். பின்வரிசையில் தாளத்துக்குத் துணைபோய்க்கொண்டிருந்த ஒரு கருவியை, சாக்சஃபோனுக்கு நிகராக முன்னால் வந்து பேச வைத்தார். அதற்கு அவருக்குக் கிடைத்தது முழுதாக இரண்டு ஆண்டுகள்கூட இல்லை. 1939 ஆகஸ்டில் கிளாரினெட் கலைஞர் பென்னி குட்மேனின் இசைக்குழுவில் சேர்ந்தார்; 1941-இன் நடுப்பகுதியிலேயே காசநோய் படுக்கையில் தள்ளிவிட்டது. 1942 மார்ச் 2 அன்று நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் இறந்தபோது வயது 25.

1939 செப்டம்பர் 11 அன்று வைப்ரஃபோன் கலைஞர் லயனல் ஹாம்ப்டனின் பதிவில் அவர் இருக்கிறார். ஆனால் தாளம் மட்டுமே வாசிக்கிறார். பெயரைச் சொல்லாவிட்டால் யாருக்கும் அடையாளம் தெரியாது. மூன்றே வாரத்தில், அக்டோபர் 2 அன்று, குட்மேனின் ஆறுபேர் குழுவோடு ‘ரோஸ் ரூம்’ பதிவாகிறது. அதில் 32 தாள அளவு கொண்ட ஒரு முழுச் சுற்று அவருக்குக் கிடைக்கிறது. அந்த ஒரு சுற்றைத் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும். ஒற்றை ஒற்றை ஸ்வரமாக, அவசரமே இல்லாமல் நகர்கிறார். எட்டு எட்டு அளவாகப் பிரிந்திருக்கும் பாட்டின் எல்லைக்கோடுகளை அவருடைய வாக்கியங்கள் மதிப்பதில்லை. கோட்டுக்கு இந்தப்புறம் தொடங்கியதை அந்தப்புறம் போய் முடிக்கிறார். லெஸ்டர் யங்கின் சாக்சஃபோனை ஆழ்ந்து கேட்டவர் என்பது இங்கே தெளிவாகத் தெரிகிறது. ஆம்ப்ளிஃபயரை அவர் சத்தம் கூட்டுவதற்காக மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. ஸ்வரம் நீண்டு நிற்பதால், மெதுவாக மீட்டியே ஒரு வாக்கியத்துக்கு எடை கொடுக்க முடிகிறது.

குறை எங்கே? முதலாவது, காலம். பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிடம். அதைக் கிளாரினெட், வைப்ரஃபோன், பியானோ எல்லாம் பங்குபோட்ட பிறகு கிட்டாருக்குப் பல பாடல்களில் எஞ்சுவது சொற்பமே. கிறிஸ்டியன் சூடுபிடிக்கும் நேரத்தில் குழு முழுவதும் நுழைந்துவிடுகிறது. இரண்டாவது, பெயர். 1941 மார்ச் 13 அன்று குட்மேன் வருவதற்கு முன் மற்றவர்கள் கைப்பழக்கத்துக்காக வாசித்துக்கொண்டிருந்ததும் பதிவாகி, பின்னாளில் ‘வெயிட்டிங் ஃபார் பென்னி’ என்று வெளிவந்தது. அதில் உருவாகும் சிறு துணுக்குதான் ‘எ ஸ்மூத் ஒன்’ ஆகிறது. அந்தப் பாட்டின் ஆசிரியர் பெயரோ குட்மேனுடையது. ‘செவன் கம் லெவன்’ போன்றவற்றில் கிறிஸ்டியனுக்குப் பங்கு தந்தார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இதனால்தான் பல ரசிகர்கள் ஸ்டுடியோ பதிவுகளை ஒதுக்கிவிட்டு, ஹார்லெமின் மின்டன்ஸ் விடுதியில் 1941 மே மாதம் பதிவானவைதான் உண்மையான கிறிஸ்டியன் என்கிறார்கள். கொலம்பியா பல்கலைக்கழக மாணவர் ஜெர்ரி நியூமேன் தன் சொந்தக் கருவியில் எடுத்த பதிவுகள் அவை. ‘ஸ்விங் டு பாப்’ என்று பின்னர் பெயரிடப்பட்ட வாசிப்பில் சுற்றுக்குப் பின் சுற்றாக மனோதர்மம் விரிகிறது; கென்னி கிளார்க்கின் டிரம்ஸ் எதிர்பாராத இடங்களில் இடித்துக் கேள்வி கேட்கிறது. பிபாப் என்ற புதிய ஜாஸ் பாணி பிறக்கப்போவதை அங்கே காதால் கேட்கலாம். அந்தப் புகழ்ச்சியில் எனக்கு மறுப்பில்லை.

ஆனால் அவை குறையற்றவை என்பதை ஏற்க முடியவில்லை. ‘ஸ்விங் டு பாப்’ பதிவு வாசிப்பின் பாதியில்தான் தொடங்குகிறது. கூட்டத்தின் இரைச்சலும் உண்டு. அதைவிட முக்கியமானது, பாட்டின் முதற்பகுதி வரும்போதெல்லாம் பழகிய துணுக்குகளையே சுழற்றிச் சுழற்றி வாசிக்கிறார். நடுப்பகுதியில், இசைவுகள் ஒன்றையடுத்து ஒன்றாக மாறும் இடத்தில்தான் அசாத்தியமான நீண்ட கோடுகள் பிறக்கின்றன. இடம் தாராளமாகக் கிடைத்தபோது அவர் சில நேரம் சோம்பவும் செய்தார் என்றே என் காதுக்குப் படுகிறது. ‘ரோஸ் ரூ’மில் அந்தச் சோம்பலுக்கு இடமே இல்லை. நெருக்கடி அவரைச் சிக்கனமாக்கியது. சிக்கனம் வடிவத்தைத் தந்தது.

பின்னாளில் செய்த ஒரு காரியம் எனக்கு வருத்தம் தருவது. 1950-களின் எல்பி தட்டில், ‘பிரேக்ஃபாஸ்ட் ஃப்யூட்’ பாட்டின் வெவ்வேறு முயற்சிகளிலிருந்து அவருடைய தனி வாசிப்புகளை வெட்டி ஒட்டி, ஒரே நீண்ட வாசிப்புபோல் ஆக்கினார்கள். ரசிகரின் பசிக்கு அது தீனி. ஆனால் ஒவ்வொரு முயற்சியிலும் அதே சிறு இடத்தை வேறு வேறாக நிரப்பியதல்லவா அவருடைய திறமை? ஒட்டியதில் மறைந்துபோவது அதுதான். அந்த முயற்சிகளைத் தனித்தனியாகவே கேளுங்கள். முதலில் ‘ரோஸ் ரூ’மையும் அதன் பிறகு மின்டன்ஸ் பதிவையும் கேட்டுவிட்டு அவற்றுக்கு வாருங்கள்.