மாதிரி டாங்கிகளின் ஒளிப்படங்கள்

இரண்டாம் உலகப் போர்க்கால டாங்கிகளின் மாதிரிகள் பெரும்பாலும் 1:35 அளவில் செய்யப்படுகின்றன. பீரங்கிக் குழலுடன் 8.45 மீட்டர் நீளமுள்ள ஜெர்மனியின் டைகர் டாங்கி, இவ்வளவில் 24 செ.மீ. ஆகிறது. நிற்கும் மனிதரின் கண்மட்டம் ஏறக்குறைய 4.5 செ.மீ. மட்டுமே. ஒளிப்படக் கருவியை அவ்வுயரத்தில் வைத்து, வில்லைத் துளையைச் சுருக்கி, முன்னும் பின்னும் தெளிவாக எடுத்தால் படம் மெய்யெனத் தோன்றும்.

ஆனால், வண்ணப்பூச்சில் மிகைப்படுத்தல் அதிகம். களத்தில் சில மாதங்களே இருந்த டாங்கிக்குப் பல ஆண்டுத் துரு பூசப்படுகிறது. அமெரிக்க மாதிரிக் கலைஞர் ஷெப்பர்ட் பெயின் (1946–2015), வீரர்களின் உருவங்களைக் கொண்டு தம் காட்சியமைப்புகளில் கதை சொன்னார். மனித உருவமே இல்லாத படங்களில் கைத்திறன் தெரிகிறது. டைகருக்குள் ஐவர் இருந்தனர் என்பது தெரிவதில்லை.